பளியர் பிள்ளைக்குத் தெரிந்த காடு

கேள்வி: என் வகுப்பில் பளியர் பழங்குடிப் பிள்ளைகளும், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்கள் பின்னணியைப் பேசினால் சாதிப் பேச்சாகிவிடுமோ?
– ஓர் ஆசிரியை, பிளவக்கல்

பதில்: நியாயமான பயம். 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரைச் சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறிக்கெல்லாம் பள்ளியில் தடை கேட்டது. மிகச் சரி. ஆனால் கொடிக்கயிற்றில் பாறைச்சரிவில் இறங்கி மலைத்தேன் எடுப்பதும், வள்ளிக்கிழங்கு இருக்குமிடம் கண்டு தோண்டுவதும் பளியரின் அறிவு; அது சாதி அடையாளம் அல்ல. சாம்பல் நிற மலையணிலைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, அந்தப் பிள்ளைகள் பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் வற்புறுத்த வேண்டாம். தெலுங்குப் பிள்ளை தன் வீட்டுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதட்டும். உதவித்தொகைக் கணக்குக்காகக்கூட, “இன்ன சாதிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள்.