டை ராட் எண்ட்: சுத்தியலை ஓங்கும் முன்

பழைய மாருதி 800 ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது. நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங் லேசாக ஆடுகிறது. இப்படி வரும் கார்களில் முதலில் பார்க்க வேண்டிய பாகங்களில் ஒன்று டை ராட் எண்ட். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் நுனியில் உள்ள பந்து மூட்டு அது. புதியதை மாட்டுவது எளிது. பழையதைக் கழற்றுவதுதான் பாடு. மாருதி 800, 1983 முதல் 2014 வரை தயாரான கார். கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. தேங்கிய மழைநீரும் கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் மரைகளில் துருவை ஏற்றி வைத்திருக்கும்.

கழற்றும் வேலையில் ஒரு விதியை மறக்கக் கூடாது. எண்ட் எப்படியும் காயலான் கடைக்குப் போகிறது. அதைத் தாங்கும் நக்கிளும் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) அது மாட்டியிருக்கும் உள் ராடும் காரிலேயே இருக்கப்போகின்றன. அடியோ சூடோ முறுக்கோ, போகிற பாகம் தாங்கட்டும். இருக்கிற பாகத்துக்குச் சேதம் வரக் கூடாது. பட்டறைகளில் புழங்கும் பல நம்பிக்கைகள் இந்த விதியைத்தான் மீறுகின்றன.

நம்பிக்கை: துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. தண்டின் நுனியில் ஓங்கி அடித்தால் வந்துவிடும்.

உண்மை: துரு பாதிக் காரணம்தான். எண்டின் தண்டு கூம்பாகச் சரிந்திருக்கும். நக்கிளின் துளையிலும் அதே சரிவு. நட்டை முறுக்க முறுக்கக் கூம்பு ஆப்புபோல உள்ளே இறுகுகிறது. துருவே இல்லாத புதுக் காரிலும் நட்டை எடுத்த உடனே அது கழன்று விழாது. நுனியில் அடித்தால் மரை மழுங்கி, தண்டின் தலை விரிந்து துளையிலேயே சிக்கும்.

இதற்கு உரிய கருவி புல்லர். நட்டை முழுவதும் எடுக்காமல் நுனியில் சில மரைகளில் நிறுத்திவிட்டு, புல்லரைப் பூட்டி இறுக்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால், துளையைச் சுற்றியுள்ள நக்கிளின் தடித்த பகுதிக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் சுருக்கென ஒரு தட்டு. துளை ஒரு கணம் நெளிந்து மீளும். அந்தக் கணத்தில் கூம்பு ‘டப்’பென்று விடுபடும். நுனியில் விட்டுவைத்த நட்டு, ராட் தெறித்து விழாமல் தடுத்துவிடும். இது இரும்பு, எஃகு நக்கிளுக்கு மட்டுமே பொருந்தும். அலுமினிய நக்கிள் உள்ள கார்களில் சுத்தியலைத் தொடக் கூடாது.

நம்பிக்கை: கவை போன்ற ஆப்பை எண்டுக்கும் நக்கிளுக்கும் இடையில் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும்.

உண்மை: முடியும், ஆனால் அது ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும். எண்டை வீசப்போகிறோம் என்றால் பரவாயில்லை. ஆக்ஸில் வேலைக்காகக் கழற்றி அதையே மறுபடி மாட்டுவதானால், எண்டும் இருக்கப்போகிற பாகம். கிழிந்த பூட் வழியாக மண்ணும் நீரும் புகுந்தால் நல்ல மூட்டும் விரைவில் தேய்ந்துவிடும்.

நம்பிக்கை: டபிள்யூடி-40 அடித்தால் உடனே இளகும்.

உண்மை: டபிள்யூடி-40 அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953-இல் உருவானது, உலோகத்தில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் காப்பதே அதன் முதல் நோக்கம். இறுகிய மரைக்கு அதைவிடப் பொருத்தம், துருவுக்குள் ஊடுருவவே தயாரிக்கப்படும் எண்ணெய்கள். எதுவானாலும் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். முதல் நாள் மாலையே வெளியே தெரியும் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்டை உள் ராடில் பூட்டும் லாக் நட்டின் இருபுறமும் எண்ணெய் விட்டு, காலையில் மறுபடி விடுங்கள். லாக் நட்டைக் கழற்றும்போது உள் ராடை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ராட் சேர்ந்து திரும்பினால் ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் உறை முறுக்கிக் கிழியும்.

நம்பிக்கை: எதற்கும் வராவிட்டால் கேஸ் டார்ச்தான். சிவக்கக் காய்ச்சு!

உண்மை: சூடு உதவும், சிவக்க வேண்டியதில்லை. 15 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் குழாயின் சூடு 200 டிகிரி கூடினால் துளை விரிவது 0.04 மில்லிமீட்டருக்கும் குறைவு. துருவின் பிடி விட அதுவே பெரும்பாலும் போதும். எங்கே காட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். மரை இறுகியிருந்தால், உள் ராடின் மேல் ஏறி நிற்கும் எண்டின் குழாய்ப் பகுதியில் மட்டும் காட்டலாம். அது போகிற பாகம். நக்கிளைச் சிவக்கக் காய்ச்சினால் எஃகின் பதம் கெடும். பந்து இருக்கும் மூடிய பகுதியில் தீ பட்டால் உள்ளே கிரீஸ் கொதித்து வெடிக்கலாம். ரப்பர் உறை, பிரேக் ஹோஸ் பக்கத்திலும் தீ போகக் கூடாது.

நம்பிக்கை: மாட்டும்போது காட்டர் பின்னின் துளை நேராக வராவிட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

உண்மை: ஒருபோதும் கூடாது. குறித்த அளவு முறுக்கிய பிறகு, நட்டின் அடுத்த காடி துளைக்கு நேராக வரும்வரை இன்னும் இறுக்குவதே முறை. கூம்பும் துளையும் துடைத்துச் சுத்தமாக, கிரீஸ் இல்லாமல் இருக்க வேண்டும். காட்டர் பின் புதிதாகவே இருக்க வேண்டும். வளைத்து நிமிர்த்திய பழைய பின் முறியக்கூடும்.

நம்பிக்கை: எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் மாட்டினால் அலைன்மென்ட் தேவையில்லை.

உண்மை: சுற்றை எண்ணி வைப்பது அவசியம்தான், ஆனால் அது அலைன்மென்ட் கடைவரை வண்டியை ஓட்டிச் செல்லத்தான். புது எண்டின் நீளமும் பழையதன் நீளமும் மயிரிழை வேறுபட்டாலே சக்கரத்தின் கோணம் மாறும். டயர் ஓரம் தேயும்.

இத்தனைக்கும் முன்னால், காரை ஜாக்கி மட்டும் தாங்க வேலை செய்யாதீர்கள். செங்கல்லை அடுக்குவதும் வேண்டாம். அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். பட்டறையில் விடுகிறவர்கள் ‘புல்லர் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள். வண்டியை எடுக்கும்போது குனிந்து பாருங்கள்: புது பின், கிழியாத பூட், இறுகிய லாக் நட். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே அங்கிருந்து அலைன்மென்டுக்குக் கிளம்புங்கள்.