சாப்பிட அடம் பிடிக்கும் நாய்க்குட்டிக்கு ஏற்ற உணவு

கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்களில் சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டிகளுக்குக் கம்பங்கூழும் மோரும் ஊற்றி வளர்ப்பது பழைய வழக்கம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருவைகுண்டம் போன்ற ஆற்றுப் பாசன ஊர்களில் நாய்க்குச் சோறுதான். இப்போது பொமரேனியன் என்று சொல்லி விற்கப்படும் ஸ்பிட்ஸ் வகைச் சிறு நாய்களும் உழவர் வீட்டுத் திண்ணைகளில் இடம் பிடித்துவிட்டன. "சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, பிஸ்கட் என்றால் ஓடி வருகிறது" என்பதே இவற்றை வளர்ப்போர் சொல்லும் குறை.

அடமா, நோயா?

முதலில் இதைத் தீர்மானிக்க வேண்டும். பிஸ்கட்டை ஆவலாகத் தின்று, ஓடி விளையாடி, எடையும் கூடி வரும் குட்டிக்கு நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. அது பழக்கக் கோளாறு. எதையுமே தொடாமல் மூலையில் படுத்திருப்பது, வாந்தி, இரத்தக் கழிச்சல், ஈறு வெளுத்திருப்பது ஆகியவை நோயின் அறிகுறிகள். பார்வோ என்னும் நச்சுயிரி நோய் இரண்டொரு நாளில் குட்டியைக் கொன்றுவிடும். உண்ணிக் காய்ச்சலிலும் பசி எடுக்காது. இத்தகைய குட்டிக்கு உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயிறு மட்டும் பானை போல் உப்பி, உடல் தேறாமல் இருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். ஆகவே இரண்டு வார வயதில் தொடங்கி, பால் மறக்கும் வரை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, மருத்துவர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுப்பது அவசியம். நான்கு முதல் ஆறு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது சில நாட்கள் கடினமான உணவை ஒதுக்குவது இயல்பே.

சிறிய உடல், பெரிய தேவை

மூன்று கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 250 கலோரி வேண்டும். இருபது கிலோ நாய்க்குச் சுமார் 1,050 போதும். கிலோவுக்குக் கணக்கிட்டால் சிறிய நாய்க்குத்தான் தேவை அதிகம். வளரும் குட்டிக்கோ இன்னும் கூடுதல். இரண்டு கிலோ குட்டிக்கு ஏறத்தாழ 350 கலோரி தேவைப்படும். 100 கிராம் சோற்றில் 130 கலோரியே உள்ளது. சோற்றால் மட்டும் இத்தேவையை நிரப்ப வேண்டுமானால் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அந்தச் சிறிய வயிற்றில் அதற்கு இடம் ஏது?

புரதத்திலும் இதே நிலைதான். குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், 22 விழுக்காட்டிற்குக் குறையாமல் புரதம் இருக்க வேண்டும். அரிசியில் சுமார் 7, கம்பில் 11 விழுக்காடு. கூழோ சோறோ தனியாகப் போதாது. ஆலையில் கிடைக்கிறதென்று தவிட்டைக் கலப்போரும் உண்டு. தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. இதனால் குட்டியின் எலும்பு வலுவிழந்து கால் வளையும். எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே போட்டாலும் இதே கேடு நேரும்.

பால் பற்றி ஒரு சொல். நாய்ப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல் இருமடங்கு; பால் சர்க்கரை குறைவு. பால் மறந்த பின் அச்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலும் குட்டிக்குக் குறையும். "பால்தானே, நல்லது" என்று கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால் கழிச்சல்தான் மிஞ்சும். புளிக்காத மோர் சிறிது சேர்க்கலாம்.

இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாள் உணவு

குழைந்த சோறு 100 கிராம், வேக வைத்த முட்டை ஒன்று, வேக வைத்த சாளை மீன் 60 கிராம், கடலை எண்ணெய் ஒரு தேக்கரண்டி. சாளையைக் குக்கரில், முள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேக வைக்க வேண்டும். அந்த முள்ளே சுண்ணாம்புச்சத்தைத் தரும். அத்துடன் நன்கு காய வைத்து நைசாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் கால் தேக்கரண்டி போதும். மாதக்கணக்கில் வீட்டு உணவிலேயே வளர்ப்பதானால் தாது உப்பு, வைட்டமின் கலவையை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். கடையில் பையில் விற்கும் உணவு வாங்குவோர் "குட்டிகளுக்கானது" என்று குறித்திருப்பதையும் புரத அளவையும் பார்த்து வாங்குக. மழைக் காலத்தில் பையைத் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மாட்டுக்கே ஆகாது. நாயின் ஈரல் அந்த நஞ்சைத் தாங்கவே தாங்காது.

கொடுக்கும் முறை

பல வீடுகளில் உணவைவிட முறையே தவறாக இருக்கிறது. மீனைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை விடும் குட்டிக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து வைக்க வேண்டும். கை பொறுக்கும் இளஞ்சூட்டில் மணம் எழும். மணம்தான் நாயைத் தட்டுக்கு இழுக்கும். பதினைந்து, இருபது நிமிடம் வைத்திருந்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை பிஸ்கட், முறுக்கு, காப்பி எதுவும் கூடாது. குட்டி பட்டினி கிடக்கிறதே என்று பாட்டி இரக்கப்பட்டு இரண்டு பிஸ்கட் போட்டால் நான்கு நாள் முயற்சியும் பாழ். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன் பின் இரண்டு வேளை கொடுக்கலாம். புதிய உணவைப் பழையதுடன் சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு வாரத்தில் மாற்றுக.

இந்தக் கண்டிப்பு மூன்று மாதத்திற்குட்பட்ட மிகச் சிறிய குட்டிக்குப் பொருந்தாது. தொடர்ந்து சில வேளை தின்னாவிட்டாலே அதன் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, தள்ளாடி, வலிப்பும் வரலாம். அவ்வாறானால் ஈறில் சர்க்கரைத் தண்ணீர் தடவி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க.

கூடாதவை

நம் பக்கத்துக் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாமல் இராது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் தின்றாலே நஞ்சாகும். இரண்டு கிலோ குட்டிக்கு நாலைந்து சின்ன வெங்காயம் போதும். வெந்தாலும் நஞ்சு போகாது. பூண்டு, திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் ஆகியவையும் ஆகா. நெய் சொட்டும் அல்வா கணையத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பு ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும்.

ஆடு வளர்ப்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆடு அறுத்த இடத்தில் பச்சை ஈரல், நுரையீரலை நாய்க்கு எறியக் கூடாது. அவற்றில் நீர்க்கட்டிகள் இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தின் வழியே மீண்டும் ஆட்டுக்கும், கை கழுவாமல் உண்ணும் பிள்ளைகளுக்கும் போய், ஈரலில் கட்டியாக வளரும். நன்கு வேக வைத்த ஈரல் வாரம் ஒரு சிறு துண்டு கொடுக்கலாம்.

உடல் தேறுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஸ்பிட்ஸ் குட்டியின் அடர்ந்த மயிர் மெலிவை மறைத்துவிடும். கையால் தடவி விலா எலும்பைப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் பிறவியிலேயே ஒல்லி. விலா தெரிகிறதென்று அளவுக்கு மீறித் திணிக்க வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் தராசில் நிறுத்து எழுதி வைப்பது நலம். இரண்டு வாரம் எடை ஏறாவிட்டால், தடுப்பூசி அட்டையுடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கோ, திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ குட்டியைக் கொண்டு செல்லலாம்.