காலைக்கடனும் காசுக்கடனும்

‘கடன்’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். பெற்றோர்க்கு மக்கள் ஆற்றுவதும் கடன். மாணாக்கர்க்கு ஆசிரியர் ஆற்றுவதும் கடன். ஒருவர் செய்த உதவியை நினைந்து செய்வது நன்றிக்கடன். இறந்தார்க்குச் செய்வது இறுதிக்கடன். பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஓதும் கர்த்தருடைய செபத்தில், மன்னிக்க வேண்டிய பிழைக்கும் இச்சொல்லே பெயராக நிற்கின்றது. இவை யாவற்றினும் எளியதாய், எவரும் நின்று நோக்காததாய் இருப்பது ‘காலைக்கடன்’ என்னும் தொடர். விடியலில் எழுந்து, உடலைத் தூய்மை செய்து, அன்றைய நாளுக்கு உரியவராக நம்மை ஆக்கிக்கொள்ளுதலையே அங்ஙனம் வழங்குகின்றோம்.

காலைக்கடனைக் கழித்தல் என்கின்றோம். வாங்கிய கடனையும் கழித்தல் என்கின்றோம். பெயரும் ஒன்று, வினையும் ஒன்று. இவ்வொற்றுமை தற்செயலாயினும் ஆகுக. அதனுள் ஓர் உண்மை உறைகின்றது. காசுக்கடனைக் காலைக்கடன் போலக் கழிப்பவனே அதனினின்றும் மீள்வான் என்பதே அவ்வுண்மை. இதனை யாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லோம்; பட்டும் கற்றோம். பட்டதைச் சொல்ல நாணமுண்டு. ஆயினும், விடுதியில் வாழும் மாணவருள் ஒருவர்க்கேனும் இது பயன்படுமாயின் அந்நாணம் பெரிதன்று.

முன்னரே ஒன்று கூறல் வேண்டும். நோய், மழையின்மை, வேலையிழப்பு முதலியவற்றால் வரும் கடன் வேறு. அன்றாடப் பழக்கத்தால் வரும் கடன் வேறு. முன்னதற்கு ஆளானோரை நோக்கிச் சிக்கனம் பேசுதல் புண்ணில் கோலிடுதலை ஒக்கும். யாம் ஈண்டு பேசுவது பின்னதைப் பற்றி மட்டுமே.

கடன் வந்த வழி

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எம் கடன் 9,400 ரூபாய். விடுதி வாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடைக் கணக்கில் 2,150 ரூபாய். உடன்பயிலும் நண்பர் ஒருவரிடம் கைமாற்றாகப் பெற்றது 3,250 ரூபாய். கைப்பேசிச் செயலி ஒன்றன் வழியாகப் பெற்றது 4,000 ரூபாய். வீட்டிலிருந்து எமக்குத் திங்கள்தோறும் வருவதோ 2,000 ரூபாய்.

யாம் சூதாடினோமல்லோம், விலையுயர்ந்த ஆடை வாங்கினோமல்லோம். அற்றேல், இத்துணைக் கடன் எங்ஙனம் வந்தது? இவ்வினாவிற்கு விடை காண ஒரு வாரச் செலவைத் தாளில் எழுதிப் பார்த்தோம். இரவு பதினொரு மணிக்குமேல் வருவித்து உண்ட புரோட்டா முதலியவை நான்கு நாள், நாளொன்றுக்கு 110 ரூபாய் வீதம் 440 ரூபாய். விடுதியில் காலையுணவு முடிந்தபின் எழுந்தமையால் கடையில் உண்டது ஐந்து நாள், 40 ரூபாய் வீதம் 200 ரூபாய். விடுதிக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்தால் மணி தப்பும் என்று ஆட்டோவில் சென்றது ஆறு நாள், 20 ரூபாய் வீதம் 120 ரூபாய். ஆகக்கூடி வாரத்திற்கு 760 ரூபாய். நான்கு வாரத்திற்கு 3,040 ரூபாய். வரவினும் செலவு ஆயிரத்துக்கு மேல் மிகுந்திருந்தது.

இம்மூன்று செலவிற்கும் வேர் ஒன்றே. இரவு ஒரு மணி வரை கைப்பேசித் திரையை நோக்கி விழித்திருந்தமையே அது. விழித்தமையால் இரவிற் பசித்தது. பிந்தித் துயின்றமையால் காலையுணவு தப்பியது. காலை தப்பியமையால் கால்நடை தப்பியது. கண் எரிச்சலும் வயிற்றுப் பொருமலும் வகுப்பில் உறக்கமும் இவற்றோடு வந்தவை. உடல்நலம் கெட்ட நாளும் கடன் வளர்ந்த நாளும் இருவேறு நாள்களல்ல; ஒரே நாள்.

கைப்பேசிக் கடனைப் பற்றித் தனியே சொல்லல் வேண்டும். கடன் 4,000 ரூபாய் என்று எழுதப்பட்டது. எம் கைக்கு வந்தது 3,400 ரூபாய். எஞ்சிய 600 ரூபாய் கட்டணம் என்று முன்னரே பிடிக்கப்பட்டது. முப்பது நாளில் 4,000 ரூபாயும் செலுத்துதல் வேண்டும். நம் ஊர்களில் ‘பத்து வட்டி’ என்றால், அஃதாவது நூறு ரூபாய்க்குத் திங்கள்தோறும் பத்து ரூபாய் என்றால், கேட்டோர் அஞ்சுவர். எம் கடனோ பதினேழரை வட்டியையும் கடந்தது. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 211 ரூபாய்க்கும் மேல். வெண்பாவின் சீரையும் தளையையும் விரல்விட்டு எண்ணும் யாம் இக்கணக்கை எண்ணாது விட்டோம். இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி, இத்தகைய கடனை வழங்குவோர் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி வீதம் இத்துணை என்பதை முன்னரே காட்டுதல் வேண்டும். அவ்வொரு வரியைத் தேடிப் படியாமல் எவரும் கைப்பேசியிற் கடன் பெறாதிருப்பாராக.

உடலிடம் வாங்கிய கடன்

கடனைத் தீர்க்க யாம் முதலிற் செய்த முயற்சி தவறான முயற்சி. பிறருடைய கட்டுரைகளைத் தட்டச்சிட்டுத் தரும் பணியை மேற்கொண்டோம். பக்கத்திற்குப் பத்து ரூபாய். பகலில் வகுப்பு; ஆதலின் இரவு இரண்டு மணி வரை விழித்துப் பத்து இரவுகளில் 90 பக்கம் முடித்து 900 ரூபாய் ஈட்டினோம். பதினோராம் நாள் காய்ச்சல் கண்டது. மருத்துவர்க்கும் மருந்திற்கும் 640 ரூபாய் சென்றது. உள்தேர்வு ஒன்று எழுதாமற் போயிற்று. மிச்சம் 260 ரூபாய். வாங்கிய கடனை அடைப்பதற்காக உடலிடம் மற்றொரு கடன் வாங்கியிருந்தோம் என்பதும், அவ்வுடல் எந்த வட்டிக்காரரினும் கண்டிப்பானது என்பதும் அப்பொழுதே விளங்கின.

காய்ச்சல் நீங்கித் தேநீர்க்கடைப் பக்கம் சென்றபோது, கணக்கைப் பற்றிக் கேட்பாரோ என்று தலை கவிழ்ந்தோம். அண்ணாச்சி எம் முகத்தைப் பார்த்து, “தம்பி, காசு பைய வரட்டும், நீர் முதல்ல வேளைக்குச் சாப்பிடும்” என்றார். தம் பொருளை இழந்து நிற்பவரே எம் உடலுக்காக இரங்கியது, அவர் கடிந்திருப்பினும் தைத்திராத அளவிற்குத் தைத்தது.

இத்தவற்றைப் பெரியோரும் செய்துள்ளனர். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் என்பார், தாம் தொடர்புகொண்டிருந்த அச்சக, பதிப்பக நிறுவனங்கள் 1826 ஆம் ஆண்டில் வீழ்ந்தமையால் ஏறக்குறைய 1,20,000 பவுன் கடனுக்கு ஆளானார். நொடித்தோர்க்குரிய சட்டத்தின் நிழலில் ஒதுங்க அவர் ஒப்பவில்லை. எழுதியே தீர்ப்பேன் என்று எழுதுகோலை எடுத்தார். நூல்மேல் நூலாக எழுதிப் பெரும்பகுதியைத் தீர்த்தார். அவருடைய நேர்மை போற்றத்தக்கதே. ஆயின் 1830 இலும் அதன் பின்னும் பக்கவாதம் தாக்கியும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1832 இல் உயிர் நீத்தார். எஞ்சிய கடன் அவர் நூல்களின் உரிமையைக் கொண்டு அவருக்குப் பின்னரே தீர்ந்தது. கடன்காரர் யாவரும் தம் பொருளைப் பெற்றனர். உடல் என்னும் கடன்காரர் மட்டும் அவரையே பெற்றுக்கொண்டார்.

ஒரு நடையில் இரு பயன்

இதற்கு மறுதலையாக ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற மாணவர். அவருடைய செலவைத் தாங்கியவர் அவர் தமையனார். தொடக்கத்தில் நாகரிக உடைக்கும் நடனப் பயிற்சிக்கும் பொருள் செலவிட்ட அவ்விளைஞர், விரைவில் தம் நிலையை உணர்ந்தார். செலவழித்த ஒவ்வொரு சிறு காசையும் எழுதி, உறங்குமுன் நாள்தோறும் கணக்கை நேர்செய்தார். செல்லவேண்டிய இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து சேரத்தக்க இடத்தில் அறை எடுத்தார். வண்டிக்கூலி மிஞ்சியது, நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடையும் கிடைத்தது. அந்நடையே அந்நாட்டில் தம்மைப் பெரும்பாலும் நோயின்றி வைத்தது என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறுகின்றார். பின்னர் ஓர் அறையோடு நிறைவுற்று, காலையில் ஓட்சுக் கஞ்சியைத் தாமே சமைத்துக்கொண்டார்.

இங்குக் கருதத்தக்கது யாதெனின், அவர் பொருளுக்கென ஒரு முயற்சியும் உடலுக்கென மற்றொரு முயற்சியும் செய்திலர். ஒரு நடையில் இரு பயனும் விளைந்தன. ஒரே பழக்கத்தால் உடலும் கைப்பொருளும் கெடுமாயின், ஒரே பழக்கத்தால் இரண்டும் தேறுதலும் கூடும். வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வாழ்வின் அளவையும், மருந்து என்னும் அதிகாரத்தில் உணவின் அளவையும் கூறினார். இரண்டிடத்தும் அவர் வற்புறுத்துவது அளவறிதல் ஒன்றே.

கடன் கழிந்த வழி

செவிலியாகப் பணிபுரியும் எம் தமக்கையாரிடம் யாவற்றையும் சொன்னோம். மறைத்த கடனே வளர்கின்றது. சொல்லிய கடன் அன்றே பாதி தளர்கின்றது. கைப்பேசிக் கடன் 4,000 ரூபாயை அவர் உடனே செலுத்தினார். பெருவட்டிக் கடன் வட்டியில்லாக் கடனாக மாறியது. அவர் விதித்த கட்டளை இரண்டு. நாள்தோறும் இரவு ஒன்பதரை மணிக்கு அன்றைய கணக்கை அவருக்கு அனுப்புதல் வேண்டும். அதன்பின் கைப்பேசியை அணைத்துவிடுதல் வேண்டும். “தம்பி, நீ மெலிந்து வந்து நீட்டும் காசை நான் தொடமாட்டேன்” என்றும் சொன்னார்.

ஆகஸ்டு முதல் பள்ளிச் சிறுவர் இருவர்க்கு மாலையில் தமிழ் கற்பித்தோம். திங்களுக்கு 1,500 ரூபாய் கிடைத்தது. அதனைக் கையில் வைத்திராது, பெற்ற அன்றே கடனுக்குச் செலுத்தினோம். எக்கடனை முதலில் தீர்ப்பது என்பதில் இரு கொள்கையுண்டு. வட்டி மிகுந்ததை முதலில் தீர்த்தால் பொருள் மிஞ்சும். சிறியதை முதலில் தீர்த்தால் ஊக்கம் மிகும். பெருவட்டி முன்னரே நீங்கியமையால் யாம் மூன்றாவது முறையொன்றைக் கொண்டோம்: எவர்க்குத் தேவை முந்தியதோ அவர்க்கே முதலில். நண்பர்க்குத் தேர்வுக்கட்டணம் செலுத்தும் நாள் அணுகியது. ஆதலின் அவர்க்குரிய 3,250 ரூபாய் அக்டோபருக்குள் தீர்ந்தது. அடுத்து அண்ணாச்சியின் 2,150 ரூபாய் நவம்பரில் தீர்ந்தது. அம்மாதத்து எச்சமும் பின்வந்த மாதங்களின் ஊதியமும் தமக்கையார்க்குச் சென்றன. பிப்ரவரியில் 400 ரூபாய் செலுத்தியதோடு முழுக்கடனும் நீங்கியது.

பொருட்கணக்கு இது. உடற்கணக்கையும் சொல்லல் வேண்டும். பத்து மணிக்குத் துயின்று ஐந்தரைக்கு எழுந்தமையால் விடுதியின் காலையுணவு தப்பவில்லை. அதற்கு முன்னரே பணம் செலுத்தியிருந்தோம் என்பதும் நினைவிற்கு வந்தது. வகுப்பிற்கு நடந்தே சென்றோம். இரவிற் பசி எழவில்லை. யாம் வழுவாதிருந்தோம் என்று சொல்வது பொய்யாகும். நவம்பர்த் தேர்வுக் காலத்தில் இருமுறை நள்ளிரவில் உணவு வருவித்தோம். அவ்விரண்டையும் கணக்கில் எழுதி அனுப்பினோம். ஒருநாள் பல் துலக்க மறந்தவன் மறுநாள் அதனை விட்டொழிப்பதில்லை. மறுநாட் காலையில் வழக்கம்போல் துலக்குகின்றான். கடனைக் காலைக்கடன் போலக் கழித்தல் என்று யாம் கூறியதன் பொருள் இதுவே. அது வீரச்செயலன்று; உறுதிமொழியன்று; குறித்த வேளையில், சிறிதளவாக, நாள்தோறும் செய்து முடிக்கும் செயல்.

பெரிய அளவிலும் இம்முறையே வென்றுள்ளது. சென்னை மாகாணத்து உழவரின் கடன்சுமையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் என்பார் 1895 இலும் 1897 இலும் அறிக்கை வெளியிட்டார். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. பலர் சிறுகச் சேர்த்ததை உறுப்பினர்க்குக் குறைந்த வட்டியில் தருதலே அச்சங்கங்களின் நோக்கம். பணியாளர்க்கென அமைந்தவற்றைச் சிக்கன நாணயச் சங்கம் என்று தமிழில் வழங்கினர். நாணயம் என்பது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். கடன் கழித்தவன் திரும்பப் பெறுவது இவ்விரண்டனுள் பின்னதையே என்பதை யாம் உணர்ந்தோம்.

அண்ணாச்சி தம் கணக்கேட்டில் எம் பெயருள்ள பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்த மாலையில், அவர் கடையில் ஒரு தேநீர் பருகினோம். அவர் மறுத்தும் பன்னிரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டே விடுதிக்கு நடந்தோம்.

அன்பர்களே, நும்முள் எவரேனும் இவ்வாண்டு எம் பழைய நிலையில் இருப்பின், இன்றிரவே மூன்று செய்க: கடன் இத்துணை என்று எழுதுக, நும்பால் அன்புடைய ஒருவரிடம் அதனைச் சொல்லுக, சொல்லியபின் நேரத்தோடு உறங்குக. எஞ்சியதை நாளைக் காலை தொடங்கலாம்.