இதயம் களைத்தால் மனமும் களைக்கும்

எங்கள் உம்மும்மாவுக்கு இதயச் செயலிழப்பு என்று வைத்தியர் கூறியபோது, இதயம் நின்றுவிடப் போகிறது என்றே நாங்கள் பயந்தோம். அது தவறான விளக்கம். உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த முடியாமல் இதயம் பலவீனமடைவதே இதயச் செயலிழப்பாகும். இதனால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது, மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது.

இது நாட்பட்ட நோய். உப்பைக் குறைத்தல், நாள்தோறும் நிறை பார்த்தல், நீர் போவதற்கான மாத்திரை, கிளினிக் என வாழ்க்கையே மாறிவிடுகிறது. மனமும் பாதிக்கப்படுகிறது. இந்நோயாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

ஆனால் அதை இனங்காண்பது கடினம். களைப்பு, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை இதய நோயிலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. உம்மும்மா பேச்சைக் குறைத்தபோது, "வருத்தம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஒருநாள் அவர், "நோன்பு பிடிக்கவும் ஏலாது. ஒரு தேத்தண்ணி ஊத்தவும் விடுறீங்க இல்ல. நான் எதுக்கு இருக்கிறன்?" என்றார். அன்பினால் அவர் கையிலிருந்து எல்லா வேலைகளையும் வாங்கிய நாங்கள், வீட்டில் அவருக்கிருந்த இடத்தையும் வாங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டு வாரங்களுக்கு மேலாகக் கவலை நீடித்தால், அல்லது விருப்பமான விடயங்களிலும் நாட்டம் இல்லாவிட்டால், அது வெறும் களைப்பு அல்ல. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார். கிளினிக் போக மறுப்பார். அதனால் இதய நோய் மேலும் மோசமாகும். அது மனதை இன்னும் தளர்த்தும்.

ஆகவே, கிளினிக்கில் மூச்சைப் பற்றிச் சொல்வது போல மனதைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உளவளத்துணையும், வைத்தியர் அனுமதிக்கும் அளவில் நடைப்பயிற்சியும் உதவும். சில மனச்சோர்வு மருந்துகள் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் சுயமாக எதையும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வாழ்வில் வெறுப்பாக ஒருவர் பேசினால் அதை அலட்சியம் செய்யாமல் உடனே உதவி நாட வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கம் 1926 ஆகும்.

உம்மும்மா சொன்னதை அடுத்த கிளினிக்கில் உம்மா வைத்தியரிடம் கூறினார். இப்போது உம்மும்மா கதிரையில் அமர்ந்து கீரை ஆய்ந்து தருகிறார். கறிக்கு உப்புக் குறைவு என்று எங்களை ஏசவும் செய்கிறார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று தினமும் கேட்கும் நாம், "மனசு எப்படி இருக்கு?" என்றும் கேட்போம். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.