ஆம்ப்ளிஃபயருக்கு எந்த பவர் கார்டு?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். டிப்ளமோ எலெக்ட்ரிகல் சேர்ந்த நாளிலிருந்து ஃபியூஸ் போனாலும் கூப்பிடுகிறார்கள். சித்தப்பா கேட்டது இது: "தடியா ஒரு பவர் கார்டு ஆயிரக்கணக்குல விக்கிறாங்களேடா, அதைப் போட்டா பாட்டு நல்லா கேட்குமா?" ஸ்பீக்கர் உட்பட அவருடைய மொத்த பட்ஜெட் ஐந்தாயிரம். வாயால் சொன்னால் போதாது, கணக்கு வேண்டும்.

வீட்டு ஆம்ப்ளிஃபயர் 100 வாட் இழுப்பதாகக் கொள்வோம். 230 வோல்ட்டில் அது சுமார் 0.43 ஆம்பியர்தான். தாமிரத்தில் 1 சதுர மி.மீ. கம்பிக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். ஒன்றரை மீட்டர் கார்டு என்றால் போக வர 3 மீட்டர், 0.75 சதுர மி.மீ. கம்பியில் 0.07 ஓம்கூட வராது. அதில் இழப்பு 0.03 வோல்ட். 230-ல் 0.03! தெரு பில்லர் பாக்ஸிலிருந்து மீட்டர் பெட்டி, சுவருக்குள் பழைய ஒயரிங் என்று அவ்வளவு தூரம் வந்த கரண்டுக்கு, கடைசி ஒன்றரை மீட்டரில் தங்கம் பூசி என்ன ஆகப்போகிறது? உள்ளே போனதும் டிரான்ஸ்ஃபார்மர், டையோடு பிரிட்ஜ், பெரிய கெபாசிட்டர் எல்லாம் அதை டி.சி. ஆக்கிவிடுகின்றன.

ஆகவே மயிலாப்பூர் நண்பர்கள் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை இறங்கி, ரிச்சி தெருவில் மூன்று கோர், 0.75 அல்லது 1 சதுர மி.மீ. கார்டு வாங்கினால் போதும். மேலே ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். நுனியில் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம், வேண்டாம். பிளக் மாட்டும்போது எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது இழுத்தாலும் கடைசியில்தான் அது பிடுங்கிக்கொண்டு வரும்.

மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கர் ஒயரில் போடலாம். அங்கே கணக்கு வேறு மாதிரி. 5 மீட்டர் தள்ளி 8 ஓம் ஸ்பீக்கர் வைத்து, மலிவான 14/36 ஒயர் போட்டால் போக வர 0.42 ஓம் வருகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் பவரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே இடத்தில் 40/36 போட்டால் இழப்பு நூற்றுக்கு நாலுகூட இல்லை.

இனிதான் முக்கியமான விஷயம். ஸ்பீக்கரில் 'ஹம்' வந்தால் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஹம் நிற்கும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் அந்த இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் பெட்டியைத் தொடுகிறவர்தான் ஃபியூஸ். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஹம் வருவதற்குப் பல வீடுகளில் காரணம் எர்த் இரண்டு வழியாக வருவதுதான்: பிளக் வழியாக ஒன்று, டி.வி. கேபிளின் வலை வழியாக இன்னொன்று. கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் பவர் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டி.வி.யையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் கேபிளில் ஐசொலேட்டர் போட வேண்டும்.

பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை இருந்தும் பின்னால் எர்த் ஒயர் இல்லாமல் இருக்கலாம். மல்டிமீட்டரை மட்டும் நம்ப முடியாது. ஒயர்மேனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போடச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். ஈ.எல்.சி.பி. உள்ள வீட்டில் அது உடனே டிரிப் ஆகும். பயப்பட வேண்டாம், எர்த் இருக்கிறது என்று அர்த்தம்.