‘முழு ஸ்காலர்ஷிப்’ என்று சேர்த்தார்கள். இப்போது 3,70,000 ரூபாய் கேட்கிறார்கள்

கேள்வி: என் கணவர் சேகோ ஆலையில் வேலை செய்கிறார். நான் தையல் வேலை. என் மகள் அரசுப் பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் 471 மதிப்பெண் எடுத்தாள். ரிசல்ட் வந்த இரண்டாம் நாளே நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளி ஒன்றிலிருந்து வீடு தேடி வந்தார்கள். ‘450க்கு மேல் எடுத்திருந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட் கோச்சிங், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்’ என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். சேர்க்கும்போது ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். டி.சி., மார்க் ஷீட், தொகை எழுதாத காசோலை இரண்டு, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அவள் மாதாந்திரத் தேர்வுகளில் 80 சதவீதம் எடுக்கவில்லை, ஸ்காலர்ஷிப் ரத்து, ஜூன் மாதத்திலிருந்து கணக்குப் போட்டு 1,85,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். வேறு பள்ளிக்குப் போனால் இரண்டு வருடக் கட்டணம் 3,70,000 ரூபாய் கட்டினால்தான் சான்றிதழ் தருவார்களாம். மகள் போனில் அழுகிறாள். அவள் தம்பி இப்போது பத்தாவது படிக்கிறான். அவனுக்கும் இதே சலுகை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆத்தூர்.

பதில்: சகோதரி, பயந்துபோய் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்காது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. அது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் 3,70,000 ரூபாய் என்ற தொகை நீதிமன்றத்தில் நிற்காது. சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

சான்றிதழிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காக அதை ஈடுபோலப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, கட்டண பாக்கி என்று அதில் குறிப்பு எழுதக் கூடாது, சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தவும் கூடாது. ஆகவே பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரை இன்றே போய்ப் பாருங்கள். மகளின் எமிஸ் எண்ணைச் சொல்லி, சேர்க்கைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம். பள்ளி எதைத் தர மறுத்தாலும் உங்கள் மாவட்டத்துக்கு அல்ல, பள்ளி இருக்கும் மாவட்டத்தின் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். நகலைச் சென்னையிலுள்ள தனியார் பள்ளிகள் இயக்ககத்துக்கும் அனுப்புங்கள்.

இனி பணம். அரசு தரும் உதவித்தொகைக்கு அரசாணை இருக்கும், தகுதி விதிகள் இருக்கும், நிறுத்துவதற்கும் நடைமுறை இருக்கும். தனியார் பள்ளி தரும் ‘ஸ்காலர்ஷிப்’ பெரும்பாலும் அப்படியல்ல. வசூலிக்க வேண்டிய கட்டணத்தை வசூலிக்காமல் விடுகிறோம் என்று அந்தப் பள்ளி உங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. ஒப்பந்தம் என்றால் அவர்களும் கட்டுப்பட்டவர்கள்தான். நோட்டீஸில் ‘எல்லாம் இலவசம்’ என்று அச்சிட்டுவிட்டு, 80 சதவீத நிபந்தனையை உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளுக்குள் வைத்து, வாயால் வேறொன்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18, 19 பிரிவுகள்படி அது தவறான எடுத்துரைப்பு என்று நீங்கள் வாதிடலாம். நோட்டீஸ் கையில் இருக்கிறதா? அதுதான் உங்கள் முதல் ஆவணம். வாட்ஸ்அப் செய்திகள், வீட்டுக்கு வந்தவரின் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்; போனையும் மாற்றாதீர்கள்.

உங்கள் பக்கத்தில் பலவீனமான இடமும் ஒன்று உண்டு. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. நிபந்தனை அந்தத் தாளில் தெளிவாக இருந்தால், ரத்து செய்த நாளுக்குப் பிறகான காலத்துக்குக் கட்டணம் கேட்க அவர்களுக்கு ஓரளவு வழி இருக்கிறது. ஆனால் சலுகை நடப்பில் இருந்த மாதங்களுக்கும் சேர்த்து ஜூனிலிருந்து கணக்குப் போடுவது வேறு விஷயம்; இடையில் போனால் படிக்காத வருடத்துக்கும் கட்டு என்பது அதைவிட வேறு. இவை அபராதத் தன்மை கொண்டவை. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உங்கள் மகள் போவதால் அந்தப் பள்ளிக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு பிடி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வசூலிப்பது குற்றம். 1,85,000 ரூபாயில் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, நீட் கோச்சிங்குக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். என்னிடம் வரும் பெற்றோர் பலருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் பள்ளியின் குரல் இறங்குகிறது.

காசோலைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தொகை எழுதாத காசோலையானாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அதனால் இந்த வாரமே ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு போக வேண்டும். இன்ன எண்ணுள்ள இரண்டு காசோலைகளும் சேர்க்கையின்போது பாதுகாப்புக்காக வாங்கப்பட்டவை, தொகை எழுதப்படவில்லை, இன்று எந்தக் கடனும் நிலுவையில் இல்லை, திருப்பித் தருக என்று அதில் இருக்கட்டும். அதன் நகலோடு வங்கியிலும் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வங்கியில் நிறுத்திவிட்டாலே வழக்கு வராது என்று நினைக்க வேண்டாம், வரலாம். காசோலை திரும்பியது என்று பள்ளியிடமிருந்து அறிவிப்பு வந்தால் 15 நாட்களுக்குள் பதில் போயாக வேண்டும். தபால்காரர் கொண்டுவரும் பதிவுத் தபாலை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். பள்ளிக் கல்வி ‘சேவை’ ஆகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லியிருப்பதால், உங்கள் வழக்கை அங்கே கொண்டுபோக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது உங்கள் மகனைப் பற்றி. இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள், ஏனென்றால் சேர்க்கை நோட்டீஸ்களில் இதை யாரும் அச்சிடுவதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவர்களுக்கு, 2020ஆம் ஆண்டின் சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற இதே கணக்குதான். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அவை உண்டு. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியின் ‘இலவசத்தை’ நம்பிப் போகும் பிள்ளை இவை அத்தனையையும் இழக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த உரிமை போய்விட்டது என்றே நான் கருதுகிறேன். இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் மறைப்பது சரியல்ல. நீட் பொதுப் போட்டியும் வகுப்புவாரி இட ஒதுக்கீடும் அவளுக்கு அப்படியே இருக்கின்றன. 471 எடுத்த பெண் அவள்.

மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தங்கிப் படிக்க வைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு உண்டு உறைவிட மாதிரிப் பள்ளி இருக்கிறது. தங்குமிடம், உணவு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி மூன்றும் இலவசம். அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உரிமையும் நிற்கும். அவனுடைய தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதி திராவிடர் நல விடுதிகளில் தங்கி, பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகவும் வழி உண்டு.

நீங்கள் பட்டியல் சாதியினராக இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருந்தால், மத்திய அரசின் ஸ்ரேஷ்டா திட்டமும் இருக்கிறது. தேசியத் தேர்வு முகமை நடத்தும் தேர்வு எழுதி, ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட தனியார் உறைவிடப் பள்ளியில் சேரலாம். பதினோராம் வகுப்புக்கு 1,25,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 1,35,000 ரூபாய் என விடுதிச் செலவையும் சேர்த்து அமைச்சகமே பள்ளிக்குச் செலுத்துகிறது. ஆனால் இதில் சேர்வதும் தனியார் பள்ளிதான் என்பதால், 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்து முடிவெடுங்கள்.

அப்படியும் தனியார் பள்ளியின் சலுகையில்தான் சேர்ப்பது என்றால், எது எது இலவசம், எத்தனை வருடத்துக்கு, எந்த நிலையில் ரத்தாகும், ரத்தானால் எந்தத் தேதியிலிருந்து கட்டணம் என்பதைப் பள்ளியின் முத்திரையோடு தமிழில் எழுதி வாங்குங்கள். சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். காசோலை கொடுக்காதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்களுக்கு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. ஆத்தூர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். போகும்போது அந்த நோட்டீஸையும், பள்ளி அனுப்பிய ரத்துக் கடிதத்தையும், காசோலை எண்களைக் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.