காவிளாய்ச் செடியின் இயல்புகள்

காவிளாயை அறியாத கமக்காரர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இலர் எனலாம். தரிசு நிலங்களிலும் தெருவோரங்களிலும் எவரும் விதையாமலே வளரும் இச்செடியைத் தமிழ்நாட்டார் கொழுஞ்சி என்பர். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில், யூரியாவுக்குப் பதிலாக எதனை இடுவது என்று திகைத்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலத்துக்கு உதவும் குழைகளுள் காவிளாய் சிறந்ததொன்று. ஆயினும் இதனைப் பிடுங்கியோர் பலர். இதன் அமைப்பைக் கவனித்தோர் சிலரே. வேரோடு பிடுங்கப்படும் இடங்களில் ஆண்டுக்காண்டு செடி அருகிவருவதற்குக் காரணம் அதுவேயாகும்.

காவிளாய் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதனைத் தெபுரோசியா பேர்ப்பூரியா என அழைப்பர். முதற் சொல் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்தது. இலையின் கீழ்ப்புறத்திலுள்ள நுண்ணிய மயிர்களால் செடி அந்நிறச் சாயலைப் பெறுகின்றது. இரண்டாவது சொல் பூவின் ஊதா நிறத்தைக் குறிப்பது.

செடி ஒன்று முதல் இரண்டடி வரை உயர்ந்து, அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரியும். ஒரு காம்பில் பெரும்பாலும் 11 முதல் 21 வரையான சிற்றிலைகள் இருபுறமும் அமைந்து, நுனியில் ஒன்று தனித்து நிற்கும். சிற்றிலையின் நுனியையும் அடியையும் பிடித்து இழுத்தால், அது நேராகக் கிழியாது அம்பு முனைபோலப் பிரியும். அவுரியிலிருந்து இதனை வேறுபடுத்தி அறிய இதனிலும் எளிய வழி இல்லை. காயிலும் வேறுபாடு உண்டு. அவுரியின் காய் உருண்டு திரண்டது. காவிளாயின் காயோ தட்டையாய், ஒன்றரை அங்குல அளவில், நுனி சற்று வளைந்திருக்கும். விதைக்காகக் காய் சேர்ப்போர் இதனைத் தவறாது கவனித்தல் வேண்டும்.

இனி, நிலத்தின் கீழுள்ள பகுதி. ஆணிவேர் ஆழமாக இறங்குவதனாற்றான் ஏனைய பூண்டுகள் கருகும் கோடையிலும் காவிளாய் பசுமையாக நிற்கின்றது. பக்கவேர்களில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றுள் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உதவும் வடிவில் மாற்றிக்கொடுக்கின்றன. முடிச்சை நகத்தாற் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்குமாயின் அது வேலை செய்கின்றது என்பது பொருள்.

முடிச்சிலே நைதரசன் இருப்பதால் வேரோடு பிடுங்கித் தாழ்ப்பதே நன்று எனச் சிலர் வாதிப்பர். மழை பெய்து மண் இளகியபின் பிடுங்குவது வெட்டுவதிலும் எளிது என்பதே அவ்வாதத்தின் உண்மைக் காரணம் போலும்! முடிச்சில் உண்டாகும் நைதரசனின் பெரும்பகுதி தண்டுக்கும் இலைக்கும் ஏறிவிடுகின்றது. காவிளாய் பல்லாண்டு வாழும் செடி. நிலத்துக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் விட்டு அரிவாளால் அரிந்தால், ஈரம் கிடைத்ததும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். பிடுங்கியவருக்கு ஒரு முறை குழை, அரிந்தவருக்குப் பலமுறை.

அரியத் தக்க பருவம் பூக்குங் காலமாகும். காய் முற்றியபின் தண்டு மரத்தன்மை அடைந்து மண்ணில் மெதுவாகவே உக்கும். ஆனால் எல்லாச் செடிகளையும் பூவிலேயே அரிந்துவிட்டால் புதிய செடிகளுக்கு விதை எங்கிருந்து வரும்? ஆதலால் ஒவ்வோரிடத்திலும் நல்ல செடிகள் சிலவற்றைத் தொடாது விடுதல் வேண்டும். காய்ந்த காய் வெடித்து விதையைச் சிதறும்; எனவே காய் கபில நிறமானதும், வெயில் ஏறுமுன் காலையிற் பறித்தல் நன்று.

விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே விதைத்தால் சிறு பங்கே முளைக்கும். பருமணலுடன் கலந்து உரலில் இலேசாகத் தேய்த்து விதைத்தால் முளைப்பு மிகும். மணற்பாங்கான நிலமே இதற்கு உகந்தது. நீர் தேங்கும் பள்ளக்காணியில் விதைப்பது வீண்.

ஆடுமாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லையாதலால் வேலியில்லாத காணியிலும் விதைக்கலாம். அரிந்த குழையை மீன் வளரும் சிறு குளங்களிலே ஊறவிடலாகாது. இச்செடியில் மீனை மயக்கும் நஞ்சு உண்டு.